கோதுமைப் பாலில் ஒட்டிய கேப்டன் பிளட்

சம்பா கோதுமை அரைக் கிலோ ஊறப்போட்டிருந்தேன். விடிகாலையில் அடுப்படிக்கு வந்த அம்மா பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, அல்வா கிண்டப் போறியா? இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். பசை காய்ச்சப் போகிறேன் என்றேன். "கோதுமைப் பாலு எடுத்துப் பசையா? நல்லாருக்குய்யா ஒன் கூத்து" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பால் பிழியும் வேலையை என்னிடம் விடவில்லை. திருநெல்வேலிக்காரி. அந்த விஷயத்தில் அவளுக்கு வேறு யார் கையிலும் நம்பிக்கை கிடையாது.

பசை எதற்கென்றால், எழுபது வயது தாண்டிய ஒரு காகிதத்தை, மேற்கொண்டு கிழியாமல் தாங்கத் துணியில் ஒட்டுவதற்கு. 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம். 'கேப்டன் பிளட்' என்ற கத்திச்சண்டைப் படத்தின் அமெரிக்கப் போஸ்டர். படம் முதலில் வந்தது 1935-ல். என்னிடம் இருப்பது 1951-ல் மறுபடி திரைக்கு வந்தபோது அடித்தது.

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஏன் கண் என்பதற்கு அப்பாதான் காரணம். அவர் எம்.ஜி.ஆர் ரசிகர். 'ஆயிரத்தில் ஒருவன்' எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கு தெரியாது. கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக ஒரு வைத்தியரை அடிமையாக விற்கிறார்கள், அவர் தப்பித்துக் கப்பலேறிக் கடலை ஆள்கிறார். 1965-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த அந்தப் படத்துக்கு முன்மாதிரி மைக்கேல் கர்டிஸ் இயக்கிய 'கேப்டன் பிளட்' என்பது கல்லூரி நாட்களில்தான் எனக்குத் தெரியவந்தது. டிவிடி வாங்கி வந்து அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கடற்கரையில் நாயகன் எரோல் ஃபிளினும் வில்லன் பேசில் ராத்போனும் வாள் வீசும் இடம் வந்ததும் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் வீசுதான். ஆனா நம்பியார் மாதிரி முழிக்கத் தெரியலையே" என்றார்.

அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். இப்போது வீட்டில் எரோல் ஃபிளின், டைரோன் பவர், பர்ட் லங்காஸ்டர் என்று கத்தி பிடித்தவர்களாகப் பதினேழு காகிதங்கள். பெரும்பாலும் லாபி கார்டுகள், அதாவது தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திவைக்கும் 11க்கு 14 அங்குல அட்டைகள். அவை கெட்டி அட்டை என்பதால் பெரிதாகப் பாடுபடுத்தாது. போஸ்டர்தான் பாடுபடுத்தும்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935-ல் அடித்த போஸ்டரெல்லாம் என் சம்பளத்துக்குக் கனவிலும் கிடைக்காது. அந்தக் காலத்தில் போஸ்டரை யாரும் சேர்த்துவைக்க அடிக்கவில்லை. ஒரு தியேட்டரில் ஓடி முடிந்தால் அடுத்த ஊருக்குப் போகும், கிழிந்தால் குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகக் கூழாகிப் போனவை வேறு. தப்பியது ஒன்றிரண்டுதான், அதற்குத்தான் அந்த விலை. மறுவெளியீட்டுப் போஸ்டர் அப்படியில்லை. ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்குள் முடிந்துவிட்டது.

அதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். 1940-களிலிருந்து 1980-கள் வரை அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போஸ்டர் அனுப்பும் வேலையில் பெரும்பகுதி நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. அவர்கள் போஸ்டரின் கீழ் ஓரத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு ஒரு எண் என்று அச்சிடுவார்கள். மறுவெளியீடு என்றால் ஆண்டுக்கு முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். என்னுடையதில் 'ஆர்', அதையடுத்து 51. அந்த ஒரு எழுத்துக்காக நான் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம்.

இதற்கு முன்னால் ஏமாந்தும் இருக்கிறேன். 'அசல்' என்று சொல்லி ஒருவர் விற்ற போஸ்டரைச் சட்டம் போட்டு ஆறு மாதம் மாட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் பைண்டிங் கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தவர், சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்து எழுத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கம்ப்யூட்டர் பிரிண்டு" என்றார். பழைய ஆப்செட் அச்சில் முகம், வானம் இதெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் தலைப்பு எழுத்துகள் ஒரே மையில் முழுசாக விழுந்திருக்கும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். போஸ்டரைப் படமெடுத்து மறுபடி அச்சடித்தால் எழுத்துக்குள்ளும் புள்ளி வந்துவிடும். இவ்வளவுதான். இந்த இரண்டு நிமிடப் பரீட்சை தெரியாமல் அந்தப் போலிக்கு நான் பர்மா தேக்கில் சட்டம் போட்டிருந்தேன்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

போஸ்டர் எட்டாக மடித்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வந்தது. சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பட்டுமா என்று விற்றவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். அச்சகத்திலிருந்து கிளம்பியதே மடித்துத்தான். 1951-லிருந்து அதே மடிப்பில் கிடந்த காகிதத்தைத் திடீரென்று சுருட்டினால் மடிப்பு முறிந்துவிடும். குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று. மடிப்புகள் சந்திக்கும் மூன்று இடத்திலும் மிளகு அளவில் ஓட்டை விழுந்திருந்தது. காகிதம் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி சிம்பு சிம்பாக வந்தது. மரக்கூழ்க் காகிதத்தின் குணமே அது. அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்து அமிலமாகி, தன்னைத் தானே தின்றுகொள்ளும்.

பின்பக்கம் பார்த்தபோது வயிறு கலங்கியது. நெட்டு மடிப்பு முழுக்க யாரோ செலோ டேப் ஒட்டியிருந்தார். பாசத்தில்தான் செய்திருப்பார். டேப் காய்ந்து உரியத் தொடங்கியிருந்தது, அதன் கோந்து காகிதத்துக்குள் ஊறி முன்பக்கம் வரை தேன் நிறத்தில் ஒரு கோடு. மேல் மூலையில் நீலக் கட்டிப் பென்சிலில் படத்தின் பெயர். மடித்து அடுக்கி வைத்தால் எது எந்தப் படம் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கிடங்கில் எழுதுவது. நான்கு மூலைகளிலும் குண்டூசித் துளைகள். லென்ஸ் வைத்து எண்ணினேன். மூலைக்கு ஐந்து.

இங்கே ஒரு விஷயம். நல்ல நிலையில் இருக்கும் போஸ்டரைத் துணியில் ஒட்டவே கூடாது. பாலியஸ்டர் உறைக்குள் போட்டுப் படுக்கை வசத்தில் வைத்தால் போதும். ஒட்டினால் பின்பக்கம் மறைந்துவிடும், அதன் சரித்திரமும் கூடவே போய்விடும். என்னுடையது விரித்தாலே கிழியும் நிலை என்பதால்தான் துணிந்தேன். துணிவதற்கு முன் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில், பகுதி பகுதியாகப் பதினாறு படம் எடுத்துக்கொண்டேன். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: நாளைக்கு வேறொருவர் வெறும் தண்ணீரை வைத்துக் கழற்ற முடியாத எதையும் இதன் மேல் வைக்க மாட்டேன். அதனால்தான் வெள்ளைப் பசை கிடையாது, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் படலம் கிடையாது, லேமினேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. போஸ்டரை லேமினேட் செய்வதும் உயிரோடு புதைப்பதும் ஒன்று.

மைதாப் பசை? நம் ஊரில் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். சுவருக்கு அது சரி, மழை வரும்வரை நின்றால் போதும். ஆனால் மயில்துத்தம் அமிலத்தன்மை உள்ளது, வருஷம் போகப்போகக் காகிதத்தைக் கருக வைக்கும். மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் காய்ந்தால் பலகை மாதிரி விறைக்கும், ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. ஆக, குளூட்டன் போன கோதுமை மாவுச்சத்து வேண்டும். வெளிநாட்டுப் பொட்டலம் ஒன்று விற்பனைக்கு இருந்தது, விலை கேட்டுவிட்டு மூடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அது நம் வீட்டுக் கோதுமைப் பால்தானே!

அம்மா மூன்று தடவை அரைத்து மூன்று தடவை பிழிந்தாள். அல்வாவுக்கென்றால் அந்தப் பால் ஓர் இரவு தெளிந்தாலே போதும். பசைக்குப் போதாது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, மறுபடி தெளியவிட வேண்டும். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மேலே அழுக்குப் பழுப்பாக ஒரு ஆடை நிற்கும், அதை வழித்து எறிய வேண்டும். கடைசியில் அடியில் வெள்ளை வெளேரென்று, கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிய வண்டல் கிடைத்தது. விரலால் அழுத்தினால் கல், விட்டால் பாலாக வழியும். அதுதான் சரக்கு.

ஒரு பங்கு வண்டலுக்கு ஐந்து பங்கு தண்ணீர். சிறு தீ, மரக்கரண்டி, விடாமல் கிண்ட வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் திடீரென்று கெட்டியாகும். ஆச்சு என்று இறக்கிவிடத் தோன்றும், இறக்கக் கூடாது. இன்னும் அரை மணி நேரம் கிண்டினால் வெள்ளை மாறி, வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடித்தனம் வரும். கரண்டியிலிருந்து விழும்போது சத்தமில்லாமல் மடிந்து விழும். அப்போதுதான் வெந்தது. ஆறவைத்து, மாவுச் சல்லடையில் மூன்று தடவை தேய்த்து வடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் பசை முறிந்து தண்ணீர் விடும், பிடிப்பும் போய்விடும். ஆகவே தேவைக்குக் காய்ச்சி மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தவர், "ஒட்டும்போது இதையே மோர் பதத்துக்குக் கரைச்சுக்கோங்க தம்பி. கெட்டியா வச்சாதான் பிடிக்கும்னு நினைக்காதீங்க. பசை கூடினா காகிதம் கோவிச்சுக்கும்" என்றார்.

நேராகப் போஸ்டரில் கை வைக்கவில்லை. கோயில் கொடை நோட்டீஸ் ஒன்று, பழைய காலண்டர்த் தாள் இரண்டு, இவற்றில்தான் பழகினேன். கொடை நோட்டீஸில் இருந்த சிவப்பு மை தண்ணீர் பட்டதும் கரைந்து, அம்மன் முகமெல்லாம் குங்குமமாகிவிட்டது. அம்மா பார்ப்பதற்குள் சுருட்டி மறைத்தேன். அதில் கற்றதுதான் மைச் சோதனை. ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஓரமாக ஒரு நிமிடம் வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கேப்டன் பிளட்டின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, அடியில் இருக்கும் பொடி எழுத்து, எதுவும் ஒற்றுத்தாளில் துளியும் இறங்கவில்லை. பின்பக்கத்து நீலப் பென்சிலும் அசையவில்லை. அப்பாடா என்றிருந்தது.

டேப்பை எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. முடி உலர்த்தும் கருவியை எட்டிப் பிடித்து லேசாகச் சூடு காட்டி, மழுங்கிய தகட்டுக் கத்தியைப் படுக்க வைத்துத் தள்ளினால் மேலே இருக்கும் படலம் உரிந்து வந்தது. இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். இழுத்தால் காகிதத்தின் தோலும் கூடவே வரும். கீழே தங்கிய கோந்தை ரப்பர்க் கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தேன். ஊறிப்போன கறைக்கு, மொட்டை மாடியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றினேன். முன்னதாக அதற்கும் மைச் சோதனை. தேன் நிறம் வைக்கோல் நிறமானது, அதற்கு மேல் போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை துறுதுறுத்தது. நிறுத்திவிட்டேன். கறையை எடுக்கிறேன் என்று காகிதத்தை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

குளிப்பாட்டுவதுதான் நெஞ்சு படபடத்த கட்டம். அவ்வளவு பெரிய தட்டு எங்கே போவது? மாடியில் செங்கல்லை நீள்சதுரமாக அடுக்கி, மேலே புதுத் தார்ப்பாய் விரித்து நாலு விரல் ஆழத்துக்குத் தொட்டி கட்டினேன். போஸ்டரின் அடியில் மைலார் என்ற பாலியஸ்டர் பிளாஸ்டிக் தாள் ஒன்று. தனியாகத் தூக்கினால் நனைந்த காகிதம் நம் கையிலேயே இரண்டாகிவிடும், எப்போதும் மைலாரோடுதான் தூக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் முப்பது லிட்டர். அரை மணியில் தண்ணீர் வெளிர் டீ நிறமானது. எழுபது வருஷத்து அமிலம் கண்ணெதிரில் இறங்குவதைப் பார்க்க ஒருவிதத் திருப்திதான். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன். கடைசித் தண்ணீரில், ஆய்வகச் சாமான் கடையில் வாங்கிய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துத் தெளியவிட்ட நீரைக் கொஞ்சம் சேர்த்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதேதான், ஆனால் அதில் வேறு என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். தொடங்கும்போது சோதனைத் தாள் காட்டிய பி.எச் அளவு 5. முடிவில் 8-ஐத் தொட்டது. காகிதத்துக்குள் கொஞ்சம் சுண்ணாம்பு தங்கினால் இனி வரும் அமிலத்தை அது முறிக்கும்.

இதற்கு முந்தின நாளே துணி தயார். துணி என்றால் வெளுக்காத காடாத் துணிதான். கஞ்சி போக இரண்டு முறை கொதிநீரில் அலசி, ஈரத்தோடு சன்மைக்கா ஒட்டிய பெரிய பிளைவுட் பலகையில் இழுத்து, விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் ஊசி அடித்தேன். தட்டினால் மேளத்தோல் மாதிரி சத்தம் வர வேண்டும். போஸ்டர் நேரடியாகத் துணியில் உட்காராது. நடுவில் ஒரு ஜப்பானியக் காகிதம் போகிறது. துணியின் இழை முன்பக்கம் தெரியாமல் தடுப்பதும், பிற்காலத்தில் கழற்றும்போது பத்திரமாகப் பிரிய வழிவிடுவதும் அதுதான். மொத்தச் செலவில் பாதி அந்தக் காகிதத்துக்குப் போனது. அதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

ஒட்டும் நாளில் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டேன். போஸ்டர் மைலார் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தது. நனைந்ததில் அகலத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது, ஓட்டைகள் பெரிதாகிவிட்டதாக ஒரு நிமிடம் பயந்தேன். காய்ந்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். துணி மேல் பசை, அதன்மேல் ஜப்பானியக் காகிதம், அதன்மேல் பசை. போஸ்டரின் முதுகிலும் மோர்ப் பதத்தில் பசை, நடுவிலிருந்து ஓரத்துக்கு. "தடவாதீங்க, தள்ளுங்க" என்று அண்ணாச்சி மூன்று தடவை சொல்லியிருப்பார். பிறகு நான் இரண்டு மூலை, அவர் இரண்டு மூலை. மைலாரோடு தூக்கித் திருப்பி, மேல் ஓரத்தை முதலில் உட்கார வைத்து, மெதுவாக இறக்கினோம். மைலாரின் மேலேயே உலர்ந்த பிரஷ்ஷால் நடுவிலிருந்து காற்றைத் தள்ளி வெளியேற்றினோம். கிழிந்த இடங்களின் விளிம்புகளைத் தட்டைக் குச்சியால் நகர்த்தி நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தினேன். ஈரமாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் காகிதம் நம் சொல் கேட்கும். மைலாரை உரித்தபோது எரோல் ஃபிளின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு டீ மட்டும் கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஆடி மாதம். பாளையங்கோட்டையில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் காயட்டும் என்று அறையின் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். இரவில் 'பட்' என்று ஒரு சத்தம். பூனை என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் வலது மேல் மூலை உள்ளங்கை அளவுக்குத் துணியை விட்டுப் பிரிந்து நிற்கிறது, மேல் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குப் புதிய விரிசல். காற்று பட்ட ஓரம் முதலில் காய்ந்து சுருங்கி, இன்னும் ஈரமாக இருந்த நடுப்பகுதியோடு இழுபறி போட்டிருக்கிறது. பழைய டேப்காரரை அவ்வளவு திட்டினேனே, 1951-லிருந்து தப்பித்து வந்த மேல் மடிப்பில் இந்த விரிசல் என் கைங்கரியம்.

பதற்றத்தில் அதைப் பிடித்து அழுத்தாமல் இருந்தது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். ஜன்னல்களை மூடினேன். முழுப் போஸ்டரின் மேலும் பூந்தூவாலையாகத் தண்ணீர் தெளித்து, பழையபடி எல்லா இடமும் ஒரே ஈரத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். மூலைக்கு அடியில் மெல்லிய தூரிகையால் பசை விட்டு, விரிசலைச் சேர்த்து, மேலே வழுவழுப்பான துணித்தாள், ஒற்றுத்தாள், கண்ணாடிப் பலகை, அதன்மேல் அப்பாவின் கலைக்களஞ்சியம் மூன்று தொகுதி. தண்ணீரில் கரையும் பசை என்பதால்தான் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது. பிறகு மூடிய அறையில், மின்விசிறிகூடப் போடாமல், எட்டு நாள் விட்டேன். கண்ணாடியையும் ஒற்றுத்தாளையும் நாளுக்கொரு முறை மாற்றினேன், பூஞ்சை பிடிக்குமோ என்று முகர்ந்து பார்த்தபடி. பலகையிலிருந்து வெட்டி எடுத்தபோது சுற்றிலும் ஓர் அங்குலம் துணியை விட்டு வெட்டினேன்.

விடுபட்ட இடங்களை நிரப்புவது சின்ன வேலை. ஜப்பானியக் காகிதத்தின் மிச்சத்தைக் கையால் கிழித்து, ஓட்டையின் வடிவத்துக்கு ஒட்டி, அந்த ஒட்டின் மேல் மட்டும் நீர்வண்ணம். அசல் மையின் மேல் ஒரு துளி வண்ணம்கூடப் படக் கூடாது. ஒட்டுத் தாளுக்குப் பழுப்பு நிறம் வரவழைக்கச் சிலர் டீத்தண்ணீரில் நனைப்பார்கள். இப்போதுதான் பாடுபட்டு அமிலத்தைக் கழுவினோம், டீ என்பது மறுபடியும் அமிலம். மடிப்புக் கோடுகளில் மை உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்த இடங்களில் தண்ணீரில் கரையும் கலர்ப் பென்சிலால் லேசாகத் தொட்டேன். மூன்றடி தள்ளி நின்றால் கண்ணை உறுத்தாது, கிட்டே வந்தால் மடிப்பு தெரியும். தெரியட்டும். குண்டூசித் துளைகளையும் அடைக்கவில்லை. மூலைக்கு ஐந்து என்றால், ஏதோ ஐந்து ஊரில், ஐந்து வாசலில் யாரோ இதைக் குத்தி நிமிர்த்தியிருக்கிறார்கள். அல்லது ஒரே ஆள் ஒரே வாசலில் கோணலாகக் குத்தி ஐந்து தடவை சரிசெய்திருக்கலாம். என்னால் மேல் மடிப்பில் விழுந்த விரிசலுக்கும் வண்ணம் பூசவில்லை.

சட்டத்தில் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக். போஸ்டரின் முகம் அதில் படாதபடி ஓரமாக ஒரு சின்ன இடைவெளிப் பட்டை. மாட்டியது வெயில் எட்டாத உள்சுவரில். கூடத்தில் மாட்டலாம் என்றாள் என் மனைவி, கூடத்தில் சாயங்கால வெயில் நேராக விழுகிறது. பின்பக்கப் பலகையில், எடுத்து வைத்த பதினாறு படங்களையும் இணைத்து அச்சிட்ட ஒரு தாளைச் செருகினேன். நீலப் பென்சில் எழுத்து, டேப் இருந்த தழும்பு, எல்லாம் அதில் இருக்கிறது. கூடவே என்ன பசை, எந்தத் தேதி, எங்கே விரிசல், யார் குற்றம் என்று ஒரு குறிப்பு.

மாட்டி முடித்த அன்று அப்பா லென்ஸை வைத்துக்கொண்டு போஸ்டரை மேலிருந்து கீழாக அரை மணி நேரம் படித்தார். அடி ஓரத்துக்கு வந்ததும், "இந்தப் பொடி எழுத்துல என்னடே போட்டிருக்கு?" என்றார். வாசித்துச் சொன்னேன். இந்தப் போஸ்டர் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸின் சொத்து, உங்கள் தியேட்டரில் படம் ஓடும்போது காட்டுவதற்கு மட்டும்தான் அனுமதி, ஓடி முடிந்ததும் உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ இத இன்னும் திருப்பிக் குடுக்கலையா?" என்றாள்.